சிறுநீரகத்தின் தலைப்பாகை

அந்தி மயங்கிய நேரத்தில் கிணற்றடியில் கிடக்கும் தாம்புக் கயிற்றைப் பாம்பென்று எண்ணிப் பதறுவது நம்மவர்க்குப் புதிதன்று. வேதாந்திகள் அந்தக் கயிற்றையும் பாம்பையும் வைத்துக்கொண்டே மாயையின் தத்துவம் முழுவதையும் விளக்கி முடித்துவிட்டார்கள். ஆனால், கயிறு பாம்பாகத் தோன்றிய அந்த ஒரு கணத்தில் நம் சரீரத்தினுள் நிகழ்வது மாயை அன்று, முற்றிலும் மெய். இருதயம் படபடவென்று அடித்துக்கொள்கிறது. வாய் உலர்கிறது. மயிர் கூச்செறிகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. முழங்கால் வலியால் படி ஏற மாட்டாத பாட்டியார்கூட இரண்டே எட்டில் தாழ்வாரத்துக்கு வந்து நிற்கிறார். கயிறுதான் என்று தெரிந்து எல்லோரும் சிரித்த பிறகும், நெஞ்சின் படபடப்பு அடங்கச் சில நிமிஷங்கள் செல்கின்றன. அறிவு தெளிந்துவிட்டது, உடல் இன்னும் தெளியவில்லை. ஏன்?

இரத்தத்தில் கலந்துவிட்ட ஒரு திரவியம் இன்னும் கரைந்து தீரவில்லை என்பதே விடை. அதை இரத்தத்தில் அனுப்பியவை, நம் முதுகுப்புறத்தில் கடைசி விலா எலும்புகளின் மறைவில் ஒதுங்கியிருக்கும் இரண்டு சிறு சுரப்பிகள். அட்ரினல் சுரப்பிகள் என்று அவற்றுக்குப் பெயர். இவ்வாரம் இப்பகுதியில் அவற்றைப் பற்றியே சொல்லப் புகுகிறோம். இது வைத்தியக் கல்லூரி மாணவர்க்கு மட்டும் உரிய விஷயம் என்று நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் வீட்டு மருந்து அலமாரியில் இருக்கக்கூடிய ஒரு சிறு மாத்திரைக்கும் இந்தச் சுரப்பிகளுக்கும் ஓர் உறவு உண்டு. அவ்வுறவை அறியாமல் உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொண்டவர்கள் பலர். அதைப் பின்னால் சொல்வோம். அது விளங்கவேண்டுமானால் சுரப்பியின் அமைப்பை முன்னால் அறிய வேண்டும்.

இருப்பிடமும் உருவமும்

குண்டிக்காய் என்று நம் முன்னோர் வழங்கிய சிறுநீரகம் வலத்தில் ஒன்றும் இடத்தில் ஒன்றுமாக இரண்டு இருப்பதை எல்லோரும் அறிவோம். அந்த இரண்டின் உச்சியிலும், பெரியவர் தலையில் வைத்த தலைப்பாகைபோல் ஒவ்வொரு சுரப்பி அமர்ந்திருக்கிறது. வலப்பக்கத்துச் சுரப்பி கூம்பிய முக்கோண வடிவம்; இடப்பக்கத்தது பிறைச் சந்திரனைப் போன்றது. ஒவ்வொன்றும் சுமார் 5 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் அகலமும் இருக்கும். கனமோ 1 சென்டிமீட்டர்கூட இராது. எடை 4 அல்லது 5 கிராம். இரண்டையும் சேர்த்துத் தராசில் இட்டாலும் பழைய கணக்கில் ஒரு தோலாவுக்குக் குறைவுதான்.

தலைப்பாகை என்று சொன்னோமாயினும், கீழே இருக்கும் சிறுநீரகத்துக்கு இது ஏவலாள் அன்று. பக்கத்தில் வசித்தாலும் தொழில் வேறு. இவ்வளவு சிறிய உறுப்புக்கு இரத்தம் வரும் வழியோ மூன்று. உதரவிதானத்துக்குச் செல்லும் நாடியிலிருந்து ஒரு கிளை, உடலின் பெருநாடியிலிருந்தே நேராக ஒரு கிளை, சிறுநீரக நாடியிலிருந்து ஒரு கிளை என்று மூன்று திசையிலும் இரத்தம் வந்து பாய்கிறது. வெளியேறும் வழி மட்டும் பிரதானமாக ஒன்றே. எடைக்கு எடை பார்த்தால், உடலில் மிகுந்த இரத்தம் பெறும் உறுப்புகளில் இது ஒன்று. நான்கு சாலையும் கூடும் சந்தைப்பேட்டையைப் பார்த்தவுடனேயே அங்கே பெரிய வியாபாரம் நடக்கிறதென்று ஊகிக்கிறோமல்லவா? அப்படியே இதையும் ஊகிக்கலாம்.

பரிசு பெறாத கேள்வி

ஆயினும் அந்த வியாபாரம் இன்னதென்று உலகம் அறிய வெகுகாலம் பிடித்தது. இத்தாலிய வைத்தியரான யூஸ்தாக்கி 1563-ம் வருஷத்தில் இச்சுரப்பிகளை முதன்முதலாகத் தெளிவாக வர்ணித்தார். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1716-ல், பிரான்ஸ் தேசத்துப் போர்டோ நகரின் வித்வத் சபையார், ‘இந்தச் சுரப்பிகளால் என்ன பயன்?’ என்று கேட்டு, சிறந்த கட்டுரைக்குப் பரிசு அறிவித்தார்கள். பிற்காலத்தில் சட்டத் தத்துவ நூலால் பெரும்புகழ் பெற்ற மாண்டெஸ்க்யூ அச்சபையில் தீர்ப்புச் சொல்பவராக இருந்தார். வந்த கட்டுரைகளையெல்லாம் பரிசீலித்துவிட்டு, பரிசுக்குத் தகுதியானது ஒன்றுமில்லை என்று அவர் முடிவு கூறினார். தெரியாததைத் தெரிந்ததாகப் பாராட்டாமல், கேள்வியைக் கேள்வியாகவே பின்சந்ததிக்கு விட்டுச்சென்ற அந்த நேர்மையை நாம் மெச்ச வேண்டும்.

விடை வந்தது 139 வருஷங்கள் கழித்து, 1855-ல். லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் வைத்தியராக இருந்த தாமஸ் அடிஸன் என்பவர், காரணம் விளங்காமல் நாளுக்கு நாள் மெலிந்து, சோர்ந்து, தோல் விசித்திரமாகக் கறுத்து, முடிவில் மாண்டுபோன 11 நோயாளிகளின் வரலாற்றை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். இறந்தபின் சோதித்துப் பார்த்தபோது அவர்களிடம் இந்தச் சுரப்பிகள் கெட்டுப்போயிருந்தன. பலருக்கு க்ஷயரோகமே அவற்றை அரித்திருந்தது. மறுவருஷம் பாரிஸில் பிரௌன்-ஸெகார் என்ற அறிஞர் மிருகங்களின் இரு சுரப்பிகளையும் அகற்றிப் பார்த்தார். அவை வெகு சீக்கிரத்தில் இறந்தன. ஒரு தோலா எடைகூட இல்லாத இந்தச் சதைத் துணுக்குகள் இல்லாமல் உயிர் நிற்காது என்பது இவ்வாறு வெளியாயிற்று.

ஒரே வீட்டில் இரு குடித்தனம்

சுரப்பியை நடுவே அறுத்துப் பார்த்தால் இரண்டு நிறம் தெரியும். சுற்றிலும் கொழுப்பு நிறைந்த மஞ்சள் நிறப் பகுதி. அதற்குப் புறணி என்று பெயர். நடுவில் செம்மை கலந்த பழுப்பு நிறப் பகுதி. அதற்கு அகணி என்று பெயர். சுரப்பியின் எடையில் பத்தில் எட்டு அல்லது ஒன்பது பங்கு புறணியே.

இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தாலும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை அல்ல. தாயின் கருவில் சிசு உருவாகும்போது, சிறுநீரகமும் தசையும் எலும்பும் பிறக்கும் நடுப் படலத்திலிருந்து புறணி பிறக்கிறது. அகணியோ நரம்பு மண்டலத்தின் வித்திலிருந்து புறப்பட்டு, நெடுந்தூரம் நகர்ந்து வந்து, புறணியின் நடுவே குடியேறுகிறது. அதாவது, நரம்பாக வேண்டிய உயிரணுக்கள் நரம்பாக நீளாமல் சுரப்பியாக மாறிவிட்டன. ஆகவேதான் அகணிக்கு நரம்பின் வேகம், புறணிக்கு நிதானம்.

புறணிக்குள்ளும் மூன்று அடுக்குகள் உண்டு. வெளி அடுக்கில் உயிரணுக்கள் சிறு சிறு பந்துகளாகச் சுருண்டிருக்கின்றன. நடு அடுக்கில் அவை கற்றை கற்றையாக, நாற்று முடிகளை நிறுத்தினாற்போல் வரிசையாக நிற்கின்றன. இதுவே மூன்றிலும் அகலமானது. உள் அடுக்கில் அவை வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. மூன்று அடுக்குக்கும் மூன்று தொழில். வெளி அடுக்கு, உடலின் உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டெரோனைச் சுரக்கிறது. நடு அடுக்கு, சர்க்கரையையும் சக்தியையும் நிர்வகிக்கும் கார்ட்டிஸாலைச் சுரக்கிறது. உள் அடுக்கு, ஆண்மைக்குரிய ஹார்மோன்களின் மூலப்பொருள்களைச் சிறிதளவு சுரக்கிறது. இது ஆண், பெண் இருபாலாரிடத்தும் உண்டு. உப்பு, சர்க்கரை, பால் வேற்றுமை என்று வெளியிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டு வந்தால் மாணவர்களுக்கு மறவாது.

சரக்கு எங்கிருந்து வருகிறது?

புறணியின் ஹார்மோன்கள் அத்தனைக்கும் மூலச்சரக்கு கொலஸ்டிரால் என்ற கொழுப்பே. இந்தப் பெயரைக் கேட்டாலே இக்காலத்தில் பலருக்கு அச்சம். அளவு மீறினால் தீங்கு என்பது உண்மைதான். ஆனால் அது அறவே இல்லாவிட்டால் புறணி வெறும் பட்டறை ஆகிவிடும். இரத்தத்தின் வழியே வரும் கொலஸ்டிராலை உயிரணுக்கள் வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்கின்றன. மேலிடத்து உத்தரவு வந்ததும், உயிரணுவினுள் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியா என்ற அறைக்குள் அது கொண்டுபோகப்படுகிறது. அங்கே ஒரு நொதி அதன் வாலை வெட்டுகிறது. பிறகு அறைக்கு வெளியே சில மாறுதல்கள். மறுபடி அறைக்குள் கடைசி மெருகு. பொற்கொல்லர் பட்டறையில் ஒரே தங்கம் ஒருவர் கையில் தோடாகவும் இன்னொருவர் கையில் மூக்குத்தியாகவும் ஆவதுபோல், எந்த அடுக்கில் எந்த நொதி இருக்கிறதோ அதற்கேற்ப ஒரே கொழுப்பு வெவ்வேறு ஹார்மோனாகிறது.

கார்ட்டிஸாலைச் செய்து அடுக்கி வைக்கும் வழக்கம் புறணிக்கு இல்லை. வேண்டியபோது வேண்டிய அளவு செய்து உடனே அனுப்பிவிடுகிறது. ஒரு நாளைக்குச் செய்யும் கார்ட்டிஸால் சுமார் 10 முதல் 20 மில்லிகிராம். ஆல்டோஸ்டெரோனோ அதில் நூறில் ஒரு பங்கு அளவுதான். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைந்த இந்தச் சரக்குதான் முழு மனிதனையும் தாங்குகிறது.

அகணியின் சரக்கு வேறு. பருப்பிலும் பாலிலும் உள்ள புரதத்திலிருந்து கிடைக்கும் டைரோஸின் என்ற பொருளை அது எடுத்து, படிப்படியாக மாற்றி, முதலில் நார் அட்ரினலினாகவும், பிறகு அட்ரினலினாகவும் ஆக்குகிறது. செய்ததைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டித் தயாராக வைத்துக்கொள்கிறது. நரம்பு ஒரு தட்டுத் தட்டினால் போதும். பொட்டலங்கள் அவிழ்ந்து இரத்தத்தில் கலந்துவிடுகின்றன.

இங்கே ஓர் அழகான ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். நார் அட்ரினலினை அட்ரினலினாக மாற்றும் நொதி அகணியில் நன்றாகத் தழைக்கவேண்டுமானால் ஏராளமான கார்ட்டிஸால் தேவை. சுரப்பிக்கு வரும் இரத்தமோ முதலில் புறணியில் புகுந்து, அங்கே கார்ட்டிஸாலை நிரப்பிக்கொண்டு, அதன் பிறகே அகணியை நனைக்கிறது. வேறு வம்சத்தில் பிறந்து வந்து குடியேறியவனுக்கு, வீட்டுக்காரன் தன் வயலில் பாய்ந்த நீரை மடை திறந்து விடுகிறான். அந்நீர் இல்லாவிட்டால் இவன் வயல் விளையாது. அந்நியர் என்று ஒதுக்காமல் சேர்ந்து வாழ்வதன் பயனை நம் உடலே நமக்குப் பாடமாகச் சொல்லுகிறது.

யார் உத்தரவு இடுகிறார்கள்?

அகணிக்கு உத்தரவு நரம்பின் வழியாகத் தந்தியைப்போல் வருகிறது. அது அனுப்பும் அட்ரினலின் இருதயத்தைத் துரிதப்படுத்துகிறது. மூச்சுக் குழல்களை விரிக்கிறது. ஈரலில் சேர்த்துவைத்த சர்க்கரையை இரத்தத்தில் இறக்குகிறது. தோலுக்கும் குடலுக்கும் செல்லும் இரத்தத்தைக் குறைத்துக் கை கால் தசைகளுக்குத் திருப்புகிறது. எதிர்த்து நில், அல்லது ஓடித் தப்பு என்ற இரண்டுக்கும் இதுவே ஆயத்தம். அதன் ஆட்சி சில நிமிஷங்களே.

புறணிக்கு உத்தரவு வருவது தபால் போல. மூளையின் அடிப்பாகமான ஹைப்போதாலமஸ், அதன் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி, ஏ.ஸி.டி.எச். என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது புறணியை வந்தடைந்ததும் கார்ட்டிஸால் சுரக்கிறது. இரத்தத்தில் கார்ட்டிஸால் போதிய அளவு சேர்ந்ததும், அதைக் கண்டு மேலிடத்தார் இருவரும் உத்தரவை நிறுத்திவிடுகிறார்கள். குதிர் நிறைந்தால் நெல் அளப்பதை நிறுத்துவது போலத்தான். வெளி அடுக்கின் ஆல்டோஸ்டெரோனுக்கு மட்டும் முக்கியமான உத்தரவு சிறுநீரகத்திலிருந்து புறப்படுகிறது. இரத்த அழுத்தம் தாழ்ந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை விட, அதன் தொடர்ச்சியாக ஆல்டோஸ்டெரோன் சுரந்து, சிறுநீரில் உப்பு வீணாகாமல் தடுக்கிறது.

கார்ட்டிஸாலுக்கு ஒரு நாட்கணக்கும் உண்டு. நள்ளிரவில் அது மிகத் தாழ்ந்திருக்கும். பின்னிரவில் ஏறத் தொடங்கி, நாம் கண்விழிக்கும் காலை வேளையில் உச்சத்தை அடையும். சேவல் கூவுமுன்பே நம்மை எழுப்ப உள்ளே ஆயத்தம் நடந்துவிடுகிறது. காய்ச்சல், காயம், அறுவைச் சிகிச்சை முதலிய சங்கடம் வந்தால், சாதாரண அளவைப்போல் பல மடங்கு கார்ட்டிஸாலைச் சுரந்து புறணி உடலைத் தாங்குகிறது.

அட்ரினலினைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. புறணியின் பெயரை யாரும் சொல்வதில்லை. ஆனால் அகணி முழுவதும் இல்லாவிட்டாலும் மனிதன் பிழைத்திருக்கலாம். அதன் வேலையில் பெரும்பகுதியை நரம்புகளே பார்த்துக்கொள்ளும். புறணி போய், மருந்தும் கிடைக்காவிட்டாலோ பிழைக்க வழியில்லை. குடும்பத்திலும் தேசத்திலும்கூட, முழங்குகிறவர் வேறு, தாங்குகிறவர் வேறு என்பதை நாம் காண்கிறோமல்லவா?

கீழ்த்திசையார் இருவர்

முழங்குகிற அந்த அட்ரினலினை முதலில் தூய படிகமாகப் பிரித்தெடுத்தவர்கள் ஆசியர்கள் என்பது நம் இளைஞர்கள் அறிய வேண்டிய செய்தி. 1894-ல் ஆலிவர், ஷேபர் என்ற இரு ஆங்கில அறிஞர்கள், இந்தச் சுரப்பியின் சாற்றை மிருகத்தின் இரத்தத்தில் செலுத்தினால் இரத்த அழுத்தம் கடகடவென்று ஏறுவதைக் கண்டார்கள். உடனே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல ஆராய்ச்சிக்கூடங்கள் அச்சாற்றின் ஸாரத்தைப் பிடிக்கப் போட்டியிட்டன. வென்றவர் ஜோகிச்சி தகமினே என்ற ஜப்பானியர்.

இவர் 1854-ல் பிறந்தவர், வைத்தியரின் மகன். தாய்வழியார் அரிசி மது வடிப்பவர்கள். அந்தப் பழந்தொழிலில் பயன்பட்ட பூஞ்சையிலிருந்தே சீரணத்துக்குரிய ஒரு நொதியைப் பிரித்து அமெரிக்காவில் மருந்தாக விற்றுப் பெயர் பெற்றார். பாட்டன் வீட்டுத் தொழிலை இழிவென்று தள்ளாமல், அதையே விஞ்ஞானத்துக்கு வாயிலாக்கிக்கொண்ட புத்திசாலித்தனத்தைக் கவனியுங்கள். 1900-ம் வருஷத்துக் கோடையில், நியூயார்க்கில் அவருடைய சிறு ஆராய்ச்சிக்கூடத்தில், அவரிடம் உதவியாளராக வந்து சேர்ந்த கெய்ஸோ உயெனாகா என்ற இளைஞர், மாட்டுச் சுரப்பிகளின் சாற்றிலிருந்து அட்ரினலின் படிகங்களைப் பிரித்தெடுத்தார். உலகம் தூய நிலையில் கண்ட முதல் ஹார்மோன் இதுவே. ஹார்மோன் என்ற சொல்லே 1905-ல்தான் பிறந்தது!

காப்புரிமையில் இடம்பெற்ற பெயர் தகமினே ஒன்றே. புகழும் செல்வமும் அவரைச் சேர்ந்தன. அவரும் அவற்றைத் தம் தாய்நாட்டின் பெருமைக்குச் செலவிட்டார். 1912-ல் டோக்கியோ நகரம் வாஷிங்டனுக்கு அளித்த செர்ரி மரங்களின் பின்னே அவருடைய பொருளும் உழைப்பும் இருந்தன. உயெனாகாவின் பெயரோ நெடுநாள் மறைந்து கிடந்தது. நாள்தோறும் அவர் எழுதிவைத்த ஆராய்ச்சிக் குறிப்பேடு பிற்காலத்தில் அறியப்பட்ட பின்னரே, படிகத்தைக் கண்ட கைகள் யாருடையவை என்று உலகம் தெரிந்துகொண்டது. எழுதி வைப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இன்று தேனீ கொட்டியோ, மருந்து ஒவ்வாமலோ, உடல் தடித்து மூச்சு அடைத்துச் சாகும் தறுவாயில் இருப்பவரைத் தொடையில் செலுத்தும் ஓர் ஊசி பிழைக்க வைக்கிறது. அது அட்ரினலின். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போதும், அம்மருந்து ஒவ்வாவிட்டால் உதவ இவ்வூசி பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

கார்ட்டிஸோன் வந்த கதை

புறணியின் மருந்து வருவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அமெரிக்காவில் மேயோ வைத்திய நிலையத்தில் எட்வர்ட் கெண்டல் என்பவரும், ஸ்விட்ஸர்லாந்தில் ரைக்ஸ்டைன் என்பவரும், மலைபோல் குவிந்த மாட்டுச் சுரப்பிகளிலிருந்து மில்லிகிராம் கணக்கில் பல பொருள்களைப் பிரித்தார்கள். அவற்றுள் ஒன்று கார்ட்டிஸோன். 1944-ல் லூயிஸ் ஸாரெட் என்பவர் மாட்டின் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து அதைச் செயற்கையாகச் செய்தார். 1948 செப்டம்பர் 21-ந் தேதி, கெண்டலின் தோழரான பிலிப் ஹெஞ்ச், கீல்வாதத்தால் படுக்கையில் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு அதை ஊசி மூலம் செலுத்தினார். சில நாட்களில் அப்பெண் எழுந்து நடந்தாள். 1950-ல் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அடிமைகளாக வாழ்ந்தவர்களின் பேரனாகப் பிறந்து, நிறவெறியை எதிர்த்து உயர்ந்த கறுப்பு இன ரஸாயன அறிஞர் பெர்ஸி ஜூலியன், சோயா மொச்சையிலிருந்து இவ்வகை மருந்துகளின் முன்பொருளைச் செய்ய வழி கண்டார். 1952-ல் வேறு சில அமெரிக்க ஆராய்ச்சியாளர், ரைஸோபஸ் என்ற பூஞ்சையைக்கொண்டு கடினமான பல படிகளை ஒரே படியில் தாண்டினார்கள். முதலில் 1 கிராம் 200 டாலர் விற்ற மருந்து, ஏழைக்கும் எட்டும் விலைக்கு இறங்கியது. இதற்கு மூலச்சரக்கான காட்டு வள்ளிக்கிழங்கு மெக்ஸிகோவில் மட்டுமின்றி நம் இமயமலைச் சாரலிலும் விளைந்தது. அதை வரைமுறையின்றித் தோண்டியதால் இன்று அக்கொடியே அருகிவிட்டது.

இருபுறமும் கூர்

அருமருந்து மலிந்தவுடன் ஆபத்தும் மலிந்தது. பிரெட்னிஸலோன், டெக்ஸாமெதஸோன் முதலிய பெயர்களில் இன்று விற்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் யாவும் கார்ட்டிஸாலின் உறவினரே. ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல் நோய் முதலியவற்றில் வைத்தியர் அளந்து தரும்போது இவை உயிர் காக்கும். 2020-ல் கொரோனாக் கொள்ளைநோயின்போது இங்கிலாந்தில் நடந்த பெரும் சோதனையில், செயற்கைச் சுவாச யந்திரத்தில் இருந்த நோயாளிகளின் மரணத்தை டெக்ஸாமெதஸோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால் பிராணவாயு தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் பயன் இல்லை என்பதையும் அதே சோதனை காட்டியது.

இந்த இரண்டாம் பாதியைப் பலர் செவியில் வாங்கவில்லை. 1921 அன்று, 2021-லேயே நம் தேசத்தில் இம்மாத்திரைகள் கடலைமிட்டாய்போல் விழுங்கப்பட்டன. ஸ்டீராய்டு மிகுந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். நோயை எதிர்க்கும் சக்தி இறங்கும். நீரிழிவும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டுமோ? கரும்பூஞ்சை நோய் பரவிற்று. அவ்வருஷம் ஜூன் மாத இறுதிக்குள் 40,000-க்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளானதாக மத்திய சர்க்கார் கணக்குக் கூறியது. கண்ணை இழந்தவர் பலர். உயிரை இழந்தவர் பலர். அந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் பூஞ்சை எது தெரியுமா? மருந்தை மலிவாக்க உதவிய அதே ரைஸோபஸ் இனந்தான்!

இதற்கு நேர் எதிரான இன்னோர் ஆபத்துதான் நாம் ஆரம்பத்தில் குறிப்பிட்டது. ஒரு வீட்டுக்கு அண்டை வீட்டிலிருந்து மாதக்கணக்காகச் சமைத்த சாப்பாடு தினமும் வந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டு அடுப்பு அணையும். சமையற்காரர் ஊருக்குப் போய்விடுவார். விறகும் அரிசியும் வாங்குவார் இல்லை. ஒருநாள் அண்டை வீட்டுச் சாப்பாடு திடீரென்று நின்றால் அன்று அவ்வீட்டார் பட்டினி. ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் சாப்பிடும்போது இதுதான் நடக்கக்கூடும். இரத்தத்தில் சரக்கு நிறைந்திருப்பதைக் கண்டு மேலிடத்தார் உத்தரவை நிறுத்துகிறார்கள். உத்தரவில்லாத புறணி சுருங்கிவிடுகிறது. ‘உடம்பு தேறிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?’ என்று நோயாளி தாமாக ஒரே நாளில் நிறுத்திவிட்டால், மயக்கம், வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி என்று வந்து உயிரே போகலாம். அளவைச் சிறுகச் சிறுகக் குறைத்து, வீட்டு அடுப்பு மறுபடி மூள அவகாசம் தர வேண்டும். அதை வைத்தியரே செய்ய வேண்டும்.

குடும்பத்தார் அறிய வேண்டியவை

ஆகவே, ஸ்டீராய்டு மருந்தைத் தாமாகத் தொடங்கவும் கூடாது. தாமாக நிறுத்தவும் கூடாது. உடம்பு தேறவும் பசி எடுக்கவும் தருகிறோம் என்று சொல்லிக் கடைக்காரர் கொடுக்கும் பெயர் தெரியாத மாத்திரையையும், மூட்டுவலிக்கு உடனே குணம் என்று விற்கும் பொடியையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. நெடுநாள் இம்மருந்து சாப்பிடுகிறவர், காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ நேரும்போது அதை வைத்தியரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். அச்சமயம் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருப்பது நல்லது.

அடிஸன் கண்ட நோயும் மறைந்துவிடவில்லை. க்ஷயரோகம் உள்ள நம் நாட்டில் அதை நாம் மறக்கலாகாது. நீங்காத அசதி, எடைக் குறைவு, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, உப்பின்மேல் அடங்காத ஆசை இவற்றோடு, உள்ளங்கை ரேகைகளும் ஈறும் பழைய தழும்புகளும் கறுத்து வந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். புறணி பதில் சொல்லாததால் பிட்யூட்டரி ஓயாமல் கூவுகிறது. அந்தக் கூச்சலே தோலில் கறுப்பாகத் தெரிகிறது. தினமும் மாத்திரை உட்கொண்டால் இந்நோயாளி நெடுநாள் வாழலாம். அமெரிக்க ஜனாதிபதியாக 1961 முதல் 1963 வரை இருந்த ஜான் கென்னடி, 1947 முதலே இந்நோய் உள்ளவர் என்று அறியப்பட்டவர்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கார்ட்டிஸால் செய்வதற்கு வேண்டிய நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகள் உண்டு. ஏறக்குறைய 15,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இவ்வாறு நேர்கிறது. பெண் குழந்தையாயின் பிறப்புறுப்பின் மாறுபாட்டால் பிறந்தவுடன் ஐயம் எழும். ஆண் குழந்தையிடம் வெளி அடையாளம் அநேகமாகத் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாந்தியும் சோர்வுமாகத் திடீரென்று துவண்டுவிடும். உப்பு உடலில் நில்லாமல் வெளியேறுவதே காரணம். மாந்தம் என்றோ, திருஷ்டி என்றோ நாளைக் கடத்தினால் குழந்தை கைநழுவிவிடும். குதிகாலில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தால் இக்குறையை முன்னதாகவே கண்டுபிடிக்கலாம். பல நாடுகளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இச்சோதனை நடக்கிறது. நம் நாட்டில் சில ஆஸ்பத்திரிகளில் மட்டுமே நடக்கிறது. ஏழை வீட்டுக் குழந்தைக்கும் அந்த ஒரு துளிச் சோதனை கிடைக்கும்படி செய்வதும் தேசத் தொண்டே. முன்பே அப்படி ஒரு குழந்தையைக் காரணம் தெரியாமல் பறிகொடுத்த குடும்பம் எதுவானாலும், அடுத்த பிரசவத்துக்கு முன் இதை வைத்தியரிடம் சொல்லிவிடுக.